தவரத்தினத்தின் வானுக்கு வந்த பொய்க் காய்ச்சல்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தவரத்தினத்தைத் தெரியாது. ஆனால் அவர் தூக்கி இறக்காத முருங்கைக்காயை அவர்கள் சமைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விடியப்புறமே ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய், வாழைக்காய், கத்தரிக்காய், கறிவேப்பிலைப் பெட்டி எல்லாவற்றையும் தன் வெள்ளை வானில் அடுக்கிக்கொண்டு வந்து, ரூ லூயி-பிளாங் தெருவில் நாலைந்து கடைகளுக்கு இறக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்தேன் புறநகர்ப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார். கடை திறக்கிற நேரத்தில் அவர் வேலை முடிந்திருக்கும். அதனால்தான் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆள் மெலிவு. பேச்சும் மெலிவுதான். அரை ஆயுளை இந்த நாட்டில் கழித்தும் பிரெஞ்சில் அவருக்கு வசப்பட்டவை விலையும் வசையும் மட்டுமே. விசா அலுவலாகப் பிரெஃபெக்த்தூர் அலுவலகத்துக்குப் போவதென்றால் யாராவது கூடவே போகவேண்டும். ஆஸ்பத்திரியில் மகள் கனிஷ்கா பக்கத்தில் இருந்து டொக்டர் சொல்வதைத் தமிழாக்கித் தருவாள். பாதியைத் தருவாள், மிச்சத்தை "அது ஒண்டுமில்லைப்பா" என்று முடித்துவிடுவாள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாமல் தவரத்தினம் தன்பாட்டில் நிமிர்ந்து இருந்த ஒரே இடம் வானின் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். பெரிய வட்டச் சாலையில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நெரியும், எந்த வாசலால் இறங்கினால் தப்பலாம் என்பதை அவரிடம் பிரெஞ்சுக்காரர்களே சைகையில் கேட்டிருக்கிறார்கள். அங்கே அவர் ராசா.

அந்த ராசாங்கத்துக்குத்தான் இந்தக் குளிர்காலத்தில் ஆபத்து வந்தது.

முதலில் அது ஸ்தேன் போகிற வழியில் நெடுஞ்சாலையில் நடந்தது. காலையில் துள்ளிக்கொண்டு கிளம்பிய வான், பாதி வேலை முடிந்த பிறகு, ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. தவரத்தினம் ஆக்சிலேட்டரை மிதித்தார். வேகம் கூடவில்லை. இன்னும் மிதித்தார். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. ஒருவழியாக ஓரங்கட்டி, கடையில் சாமான் இறக்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து எடுத்தால் வான் பழையபடி நல்ல பிள்ளையாக ஓடியது. இதே கூத்து அடுத்த வாரமும் நடந்தது. பிறகு அடிக்கடி நடந்தது.

வேறு யாராக இருந்தாலும் வானைத் திட்டியிருப்பார்கள். தவரத்தினம் தன் வலது காலைப் பார்த்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்து சில வருடங்களாகிவிட்டன. கால் மெல்ல மெல்ல விறைத்துப்போகலாம், கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்று டொக்டர் சொன்னதை மட்டும் கனிஷ்கா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருந்தாள். கொஞ்சக் காலமாக வலது பெருவிரலில் உணர்ச்சி மங்கலாக இருந்தது. வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு கழன்றுபோவதும், நாலடி போன பிறகுதான் அவருக்குத் தெரிவதும் இரண்டொரு தடவை நடந்தது. மனைவி கனகம் தினமும் "கால் எப்பிடியப்பா?" என்று கேட்பாள். "ஒண்டுமில்லை" என்பார் அவர். அந்தப் பதிலை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லப் பழகியிருந்தார்.

இப்போது வான் இழுக்காதபோது அவருக்கு வந்த சந்தேகம் இதுதான். மிதிப்பதாக நான் நினைக்கிறேன், கால் மிதிக்கவில்லையோ? மூளை சொல்வது பாதத்துக்குப் போய்ச் சேரவில்லையோ? நெடுஞ்சாலையில், பின்னால் லொறியை வைத்துக்கொண்டு, இந்தச் சந்தேகத்தோடு ஓடுவது எவ்வளவு பயங்கரம் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

தெருமுனைக் கராஜில் ஜூலியன் என்ற மெக்கானிக்கிடம் ஒருநாள் போகிற போக்கில் காட்டினார். அவன் நல்லவன். வானோடு ஒரு சின்ன மெஷினைப் பொருத்தி, அதிலே எந்தப் பிழையும் பதிவாகவில்லை என்பதைத் தவரத்தினத்துக்கே காட்டி, தோளைக் குலுக்கினான். வான் சுகம். அப்படியானால் சுகமில்லாதது யார் என்பதில் தவரத்தினத்துக்கு அதற்குப் பிறகு சந்தேகமே இருக்கவில்லை.

வானின் திறப்பை, அந்தச் சாவியை, இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். கனகத்தின் தம்பி மகன் சுஜித் வேலை தேடிக்கொண்டிருந்தான், அவன் வானை ஓடட்டும். இந்த முடிவை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் பிறர் கையில் கொடுக்குமுன் வானை இன்னொரு தடவை நல்லவொருவரிடம் காட்டிவிட வேண்டும் என்று மனம் சொல்லியது. வானில்தான் பிழை என்று கேட்க ஆசையா, வான் சரி என்று கேட்டுத் தன் கதையை முடித்துக்கொள்ள ஆசையா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

ஸ்தேனில் ஒரு கராஜில் கஜந்தினி வேலை செய்கிறாள். குழந்தையாக வந்து, புறநகரிலேயே தொழிற்கல்வி படித்து, டீசல் எஞ்சினில் கைதேர்ந்த பெண். ஆரம்பத்தில் நம்மவர்கள் அவளைப் பார்த்து "இது என்ன, பொம்பிளைப்பிள்ளை கிறீஸ் பூசிக்கொண்டு" என்று முகத்தைச் சுளித்ததுண்டு. இப்போது அதே வாய்கள்தான், கைராசிக்கார டொக்டரைச் சொல்வதுபோல, "கஜந்தினியிட்டைக் காட்டுங்கோ" என்கின்றன. நம்முடைய சனம் இருக்கிறதே, அதைத் திருத்த முடியாது. ஆனால் தேவை வந்தால் தானாகத் திருந்தும்.

அவர் கொண்டுபோன வானின் கதையைக் கேட்டுவிட்டு அவள் அதைத் தொடவில்லை.

"வானை இஞ்சை வெளியிலை விட்டிட்டுப் போங்கோ அங்கிள். காலமை வாங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது."

"ஏன் பிள்ளை?"

"எல்லாம் ஒரே குளிரிலை இருக்கேக்கை கேட்டாத்தான் ஆர் பொய் சொல்லீனம் எண்டு தெரியும்."

அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை, தோளுக்குள் கழுத்தைப் புதைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வானின் கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கஜந்தினி எஞ்சினை உயிர்ப்பிக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, தன் கணினியைப் பொருத்தி, திரையை அவர் பக்கம் சாய்த்தாள்.

"இரவு முழுக்க வெளியிலை நிண்டது. இப்ப இதுக்குள்ளை இருக்கிற எல்லாம் என்ன சூட்டிலை இருக்கவேணும்?"

"சூடோ? விறைச்சுப்போய்க் கிடக்கும்."

"பாருங்கோ. வெளிக்காத்து நாலு பாகை. எஞ்சின் தண்ணி நாலு. எஞ்சின் உறிஞ்சிற காத்து அஞ்சு." அவள் விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. "டீசல்?"

திரையில் எண்பத்தாறு என்று இருந்தது.

தவரத்தினம் குனிந்து, டீசல் போகும் குழாயில் கையை வைத்தார். ஐஸ். கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். எண்பத்தாறு. மறுபடி குழாயைத் தொட்டார். கையைச் சுடவேண்டிய எண் அது, கை மரத்துப்போகிறது. இத்தனை காலமும் தன் கூடவே ஓடிய வானுக்குள் இப்படி ஒரு பொய் உட்கார்ந்திருப்பதை நம்ப முடியாமல் அவர் நின்றார்.

"டீசலின்ரை சூட்டைப் பாத்துச் சொல்லுறதுக்கு ஒரு கப்தேர் இருக்குது அங்கிள், சென்சர். சின்னன். அதுதான் இப்பிடிச் சொல்லுது. உங்கடை வானின்ரை கொம்பியூட்டர் உங்களைப்போலக் கையை வச்சுப் பாக்காது. கப்தேர் சொல்லுறதை அப்பிடியே நம்பும்."

"நம்பி?"

"டீசல் கடுமையாச் சூடானா அதின்ரை வழுவழுப்புக் குறைஞ்சிடும், பம்ப் தேய்ஞ்சு பழுதாப் போகும். அதாலை சூடு ஓர் அளவைத் தாண்டினா கொம்பியூட்டர் எஞ்சினுக்குக் குடுக்கிற டீசலைக் குறைக்கும். காலமை இது எண்பத்தாறு எண்டு சொல்லுது, அது பரவாயில்லை எண்டு விட்டிடும். நீங்கள் ஓட ஓட டீசல் உண்மையாவே கொஞ்சம் சூடாகுமெல்லோ? அதையும் சேர்த்து இது இன்னும் கூட்டிச் சொல்லும். அப்ப எல்லையைத் தாண்டீடும். நீங்கள் மிதிக்க மிதிக்க அது தராது. பாவம், அது உங்கடை வானைக் காப்பாத்தப் பாத்திருக்குது."

நிறுத்தி வைத்தால் டீசல் ஆறும், வான் சுகமாகும். கோப்பி குடித்த நேரமெல்லாம் தவரத்தினத்தின் மனதில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. இல்லாத காய்ச்சலுக்குப் பயந்து ஒரு எஞ்சின் தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது, குளிராலும் இருக்கலாம்.

"அப்ப ஜூலியனின்ரை மெஷின் ஏன் ஒண்டுமில்லை எண்டது?"

"நடக்கவே ஏலாத கணக்கைச் சொன்னாத்தான் அது பிழை எண்டு பதியும். எண்பத்தாறு நடக்கக்கூடிய கணக்கு. எஞ்சின் சூடா இருக்கேக்கை பாத்திருந்தா நானும் விட்டிருப்பன்."

அவள் எஞ்சினுக்குள் கையை நுழைத்து அந்தச் சென்சரின் இணைப்பைக் கழற்றினாள். திரையில் எண் விழுந்தது. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது. தவரத்தினம் பதறிப்போனார்.

"பயப்படாதேங்கோ. பதில் ஒண்டும் வராட்டி அது அப்பிடித்தான் காட்டும்." இணைப்பின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் அவள் சேர்த்தாள். இப்போது எண் மேலே பறந்து உச்சியில் நின்றது. "பாத்தீங்களோ? வயர் சரி, கொம்பியூட்டரும் சரி. ரெண்டும் ஒழுங்காக் கேக்குதுகள். சொல்லுறவர்தான் பிழை."

பிறகு டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். சென்சரைக் கழற்றி எடுத்து, துடைத்து, அவருடைய கைக்கு நேரே நீட்டினாள். கட்டைவிரலளவு சாமான். அதன் வாயில் இரண்டு ஊசிகள். இரண்டுக்கும் நடுவே பச்சையும் மஞ்சளுமாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பொருக்கில் ஒரு மண்ணிறத் தும்பு ஒட்டியிருந்தது. தேங்காய்த் தும்பு.

"அங்கிள்," என்றாள் கஜந்தினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எஞ்சினை ஆர் குளிப்பாட்டினது?"

தவரத்தினத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் தன் வீட்டுத் தெருவில் வானைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, முன்னால் தேங்காய் உடைப்பது வழக்கம். பிரெஞ்சுக்கார அயலவர்கள் அதற்கெல்லாம் பழகிவிட்டார்கள், படம்கூட எடுப்பார்கள். மற்ற வருடங்களில் கனகம் கற்பூரத் தட்டோடு ஒரு ஓரமாக நிற்பாள். இந்த முறை அவளே பொனெட்டைத் திறக்கச் சொன்னாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இளநீர் ஒன்றை வெட்டி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, எஞ்சினின் தலையில் ஆறுதலாக ஊற்றினாள். வான் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவர் அன்றைக்கு ஆச்சரியப்பட்டார், கேட்கவில்லை.

கஜந்தினி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஓ லா லா, அங்கிள்! இளநீரிலை உப்புச் சத்து. இந்தக் கப்தேருக்குள்ளை சூடு கூடக் கூட மின்சாரம் லேசாப் போகும். லேசாப் போனா, ஓ, டீசல் சூடு எண்டு கொம்பியூட்டர் நினைக்கும். இளநீர் ரெண்டு ஊசிக்கும் நடுவிலை ஒரு குறுக்கு ஒழுங்கை வெட்டி விட்டிட்டுது. மின்சாரம் அதாலை லேசாப் போட்டுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவளால் சொல்ல முடிந்தது. தவரத்தினத்தால் முடியவில்லை. ஒரு கையளவு இளநீர், ஒரு தும்பு. அதைக் கொண்டு இரண்டு தொன் வானை நெடுஞ்சாலையில் மண்டியிட வைக்கலாம், ஒரு மனுசனைத் தன் காலையே நம்பாமல் செய்யலாம். இந்த உலகம் எவ்வளவு நுணுக்கமான நூலில் தொங்குகிறது என்று நினைக்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

புதுச் சென்சர் மதியத்துக்கு முன் வந்து சேர்ந்தது. கஜந்தினி அதை எஞ்சினில் பூட்டவில்லை. வயரை மட்டும் கொழுவி, சென்சரை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பொத்திப் பிடியுங்கோ. திரையைப் பாருங்கோ."

ஆறு என்று இருந்தது. அவர் விரல்களை மூடினார். ஒன்பதானது. பதின்மூன்று. பதினெட்டு. இருபத்திரண்டு. அவருடைய உடம்பின் சூடு, எண்ணாக, அவர் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சொல் பேசவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை. இந்தப் பொருளுக்கு அவரைப் புரிந்துவிட்டது. அவர் கையைத் திறக்க மனமில்லாமல் பொத்தியபடியே நின்றார். கண் கலங்கியதை மறைக்கவும் மறந்துவிட்டார்.

அவள் சென்சரை வாங்கிப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள். தவரத்தினம் போகாமல் நின்றார்.

"பிள்ளை, இந்த மெஷினாலை இன்னொண்டும் பாக்கலாமோ?"

"என்ன?"

"என்ரை காலை."

அவள் நிமிர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கனகத்துக்கும் கனிஷ்காவுக்கும் சொல்லாததையெல்லாம் கிறீஸ் கையோடு நின்ற ஒரு பெண்ணுக்குச் சொன்னார்: சீனி, விரல், செருப்பு, லொறி, திறப்பைக் கொடுக்க எடுத்த முடிவு. கேட்டு முடித்ததும் வான் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்கோ. எஞ்சின் வேண்டாம். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுது எண்டதும் இதிலை வரும்."

திரையில் இப்போது எண்ணுக்குப் பதில் ஒரு கோடு ஓடியது. "கண்ணை மூடுங்கோ. மெல்ல மெல்ல மிதியுங்கோ. இன்னும். இன்னும். அங்கையே பிடியுங்கோ." அவர் மூச்சையும் சேர்த்துப் பிடித்தார். இருட்டுக்குள் கால் எங்கே இருக்கிறது என்று தேடினார். "இப்ப கொஞ்சம் விடுங்கோ. பிடியுங்கோ. இப்ப முழுக்க." கடைசியில் அவள் குரல் வந்தது: "கண்ணைத் திறவுங்கோ."

கோடு ஏறிய இடத்தில் வழவழவென்று ஏறியிருந்தது. நிற்கச் சொன்ன இடங்களில் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. கடைசியில், மிதியின் அடியில், திரை நூறு என்று காட்டியது. நெடுஞ்சாலையிலும் அந்தக் கால் இப்படித்தான் மிதித்திருக்கும். சொன்னதெல்லாம் செய்திருக்கும். நம்பாமல் போனது அவர்தான். தவரத்தினம் குனிந்து தன் சப்பாத்தை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அங்கிள், இது எஞ்சினுக்கான மெஷின். டொக்டர் இல்லை," என்றாள் கஜந்தினி. "மிதிக்கிறீங்கள், அது வடிவாத் தெரியுது. விரல் மங்கலா இருக்குது எண்டதை டொக்டரிட்டைத்தான் காட்டவேணும். காட்டுவீங்களோ?"

"ஓம்," என்றார் அவர். எஞ்சினைப் பார்த்துவிட்டு மறுபடியும் "ஓம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கனகம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வான் விசயத்தைச் சொல்ல வாயெடுத்தவர் தயங்கினார். ஆசையாக ஊற்றியவளின் மனம் நோகுமே. கடைசியில் பகிடியாகவே தொடங்கினார்.

"வாற வருசம் எஞ்சினுக்கு விரதம். சந்தனம், குங்குமம் எல்லாம் வெளியிலை மட்டும்."

"ஏன்?"

"நீ வானுக்கு ஊத்தின இளநீர் சென்சருக்குள்ளை போட்டுது."

கனகத்தின் கத்தி நின்றது. "வானுக்கோ? வானுக்கு ஆர் ஊத்தினது?" என்றாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செருப்புக் கழண்டு கிடக்க நீங்கள் வெறுங்காலோடை நடந்து போறதை நான் காணேல்லை எண்டோ நினைச்சீங்கள்? கேட்டா ஒண்டுமில்லை எண்டிறியள். உங்கடை காலிலை ஊத்திக் கும்பிட விடமாட்டீங்கள். கால் நாள் முழுக்க மிதிக்கிறது அந்த எஞ்சினைத்தானே. அதிலை ஊத்தினன்."

தவரத்தினம் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். தன்னுடைய காலுக்காக ஊற்றிய இளநீர், வானைப் படுத்தி, காலைச் சந்தேகிக்க வைத்து, கடைசியில் ஒரு திரையில் நூறு என்று காட்டவைத்திருக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கனகத்தின் கடவுள் கேட்டுவிட்டார் என்பதா, கேட்காமல் விட்டார் என்பதா? அவளைப் பார்த்தார். இவ்வளவு காலம் கூட இருந்த ஒருத்தி, காலையில் நாலு பாகைக் குளிரில் தான் தொட்டுப் பார்த்த குழாயைப் போல, இப்போதுதான் கைக்கு எட்டியவளாகத் தெரிந்தாள்.

அவர் வலது காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். காலைத் தூக்கி அடுத்த கதிரையில், அவளுக்கு நேரே வைத்தார்.

கனகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குந்தினாள். பெருவிரலை நுள்ளினாள்.

"தெரியுதோ?"

அவருக்கு வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"தெரியுது. ஆனா மங்கல். மற்ற விரலுகள் நல்லாத் தெரியுது, இது மட்டும் மங்கல். கொஞ்சக் காலமா."

கனகம் விரலை விடவில்லை. வெங்காயத்தைச் சாட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கே டொக்டரிட்டைப் போவம்," என்றாள்.

"போவம்," என்றார் தவரத்தினம். "வானிலை போவம். நான்தான் ஓடுவன்."